குழாயின் பக்கத்திலிருந்து பார்த்தால்

எங்கள் தெருவுக்குக் கடந்த ஒன்பது வருடங்களாகத் தினமும் காலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிவரை தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. இதை நான் சொல்லவில்லை. நகரக் குடிநீர் வாரியத்தின் பதிவேடு சொல்கிறது. எங்கள் வீட்டுக் குழாய்க்குத்தான் இந்தச் சேதி இன்னும் எட்டவில்லை. அந்த நேரத்தில் அது லேசாக இருமும். அதோடு சரி.

தெரு மேட்டில் இருக்கிறது. கீழ்த்தெருப் பொதுக்குழாயில் வரிசையில் நின்று, குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு அறுபத்திரண்டு படி ஏறுவது என் காலை வேலை. எண்ணிக்கையில் சந்தேகம் வேண்டாம். நான் அச்சகத்தில் பிழைதிருத்துபவன். எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன். புகார் கொடுக்காமலும் இல்லை. ஒவ்வொரு புகாருக்கும் ஒரு வாரத்துக்குள், ‘தண்ணீர் வழங்கப்பட்டுள்ளது, புகார் முடித்துவைக்கப்பட்டது’ என்று பதில் வந்துவிடும். பதில் வருவது மட்டும் ஒருநாளும் தடைப்பட்டதில்லை.

இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியாயிற்று. இந்த வருடம் விஷயம் வேறு. மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. ஆறு மாதம் கடலில் இருப்பார். குழந்தை பிறந்ததும் மகள் எங்களோடுதான் இருந்தாகவேண்டும்.

“பச்சப் புள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை துணி அலசணும்னு தெரியுமா உங்களுக்கு?” என்றாள் மனைவி. “மூணு மாசம் இருக்கு. அதுக்குள்ள குழாய்ல தண்ணி வரணும். வரலேன்னா நான் கிளம்பிப் போய் அவ வாடகை வீட்டுலயே இருந்துக்கறேன். நீங்களும் உங்க குடமும் இங்க சேர்ந்து குடித்தனம் நடத்துங்க.”

அவள் சொன்னால் செய்வாள். நான் கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அச்சக முதலாளி கூப்பிட்டார். குடிநீர் வாரியத்துக்கு நூறு வயது ஆகிறதாம். அதற்காக வாரியத்தின் வரலாற்றை எழுதி, எங்கள் அச்சகத்தில் அச்சிடப்போகிறார்களாம். எழுதியதில் பிழை மலிந்து கிடப்பதால், நான் மூன்று மாதம் வாரிய அலுவலகத்திலேயே உட்கார்ந்து திருத்திக்கொடுக்கவேண்டும்.

“அங்கேயே உக்காரப்போறீங்க. அப்படியே நம்ம குழாயையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க,” என்று மனைவி சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டு அனுப்பினாள்.

வாரியத்தில் குழாய் உடைப்பைச் சரிசெய்யும் பிரிவில் இரண்டு பேர். அதில் ஒருவர் நீண்ட விடுப்பு. வரலாற்றுப் பிரிவில் பதினொரு பேர். அத்தனை பேர் மேசையிலும் ஒரு தம்ளர் தண்ணீர், மேலே ஒரு தட்டு. அலுவலகத்தின் பின்கட்டில் ஒரு பணியாளர் முக்காலியில் உட்கார்ந்து, வெளியிலிருந்து வாங்கிய தண்ணீர்க் கேன்களின் லேபிள்களை ஈரத்துணி வைத்துத் தேய்த்து உரித்துக்கொண்டிருந்தார். நிரந்தரப் பணி, ஓய்வூதியம் உண்டு.

“எதுக்குங்க இதை உரிக்கறீங்க?” என்று கேட்டேன்.

“வாரியமே வெளித் தண்ணி குடிக்குதுன்னு ஜனங்களுக்குத் தெரியக்கூடாதுல்ல சார்.”

“அப்ப வாரியத் தண்ணியையே குடிக்கலாமே?”

“இந்த பில்டிங்குக்கு இன்னும் கனெக்ஷன் கொடுக்கல சார். அப்ளிகேஷன் போட்டிருக்கோம்.”

வரலாற்றின் கையெழுத்துப் பிரதி அறுநூற்று நாற்பது பக்கம். முதல் அத்தியாயம் மேகங்கள் எப்படித் தோன்றின என்று ஆரம்பித்தது. பிறகு இருநூறு பக்கத்துக்கு வாரியத் தலைவர்களின் வாழ்க்கை. முந்நூற்றுத் தொண்ணூற்றோராம் பக்கத்தில்தான் முதன்முதலாக ஒரு குழாய் தலைகாட்டியது. ரிப்பன் வெட்டும் படங்கள் மட்டும் எண்பத்து நான்கு. ஒன்றில்கூடத் தண்ணீர் இல்லை. வரலாற்றுப் பிரிவுக்குப் பொறுப்பான கண்காணிப்பாளரிடம் இதைச் சொன்னேன். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். எப்போதும் ஒரு கோப்புக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டே பேசுவார்.

“தண்ணி போட்டோவுல நல்லா விழாது சார்,” என்றார். “தலைவர் நல்லா விழுவார்.”

என் தெருவின் வரலாற்றைச் சரிபார்க்கும் சாக்கில் பழைய பதிவேடுகளை வாங்கிப் புரட்டினேன். தும்மலும் கரப்பான்பூச்சியுமாக மூன்று வாரம் போயிற்று. கடைசியில் கிடைத்தது.

வாரியத்தின் முதல் பொறியாளர் இடதுகைக்காரர். தன் கைக்கு வாகாக இருக்கட்டும் என்று பன்னிரண்டு வால்வுகளைத் தலைகீழாக வார்த்து வாங்கியிருக்கிறார். ஊரிலுள்ள மற்ற வால்வுகளை இடப்பக்கம் திருப்பினால் திறக்கும், வலப்பக்கம் திருப்பினால் மூடும். இந்தப் பன்னிரண்டும் நேர்மாறு. காலப்போக்கில் பதினொன்றை மாற்றிவிட்டார்கள். மிச்சமிருக்கும் ஒன்று எங்கள் தெருமுனையில், இரும்பு மூடிக்கு அடியில் இருக்கிறது. அந்தக் காலத்து வால்வுக்காரர் மறந்துவிடாமல் இருக்க அந்த மூடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வைத்திருந்தார். ஒன்பது வருடத்துக்கு முன் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே நடந்த ஆய்வில், ‘அனுமதி பெறாத துணி’ என்று குறிப்பெழுதி அதை அவிழ்த்துவிட்டார்கள். துணி இப்போதும் கோப்பில் பத்திரமாக இருக்கிறது, முத்திரையுடன்.

அதாவது, புது வால்வுக்காரர் ஒன்பது வருடமாகக் காலை ஐந்து மணிக்கு வந்து, திறப்பதாக நினைத்து எங்கள் தெருவை மூடுகிறார். ஏழு மணிக்கு மோட்டாரை நிறுத்தியதும் வந்து, மூடுவதாக நினைத்துத் திறந்துவிட்டுப் போகிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மறுநாள் விடிந்ததும் தெருமுனையில் போய் நின்றேன்.

அந்த வால்வுக்காரரைப் பதினாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒரு வால்வுக்குப் பதினாலு சுற்று. அதை வாய்விட்டு எண்ணித்தான் திருப்புவார். ஆள் உயரச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“அப்படியா சார்? எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு,” என்றார்.

“அப்ப மாத்தித் திருப்புங்களேன்!”

பதினாலு பதிவேட்டைத் திறந்து காட்டினார். அச்சடித்த கட்டம். ‘இடப்பக்கம் – திறக்கப்பட்டது. வலப்பக்கம் – மூடப்பட்டது.’

“வலப்பக்கம் திருப்பினா மூடப்பட்டதுன்னு எழுதணும் சார். தண்ணி விடற நேரத்துல மூடப்பட்டதுன்னு எழுதினா என் வேலை போயிடும். இடப்பக்கம்னு பொய் எழுதலாம். ஆனா இந்தப் புக்குல நான் இதுவரைக்கும் ஒரு பொய் எழுதினதில்ல. திருப்பினேன்னு எழுதியிருந்தா திருப்பியிருப்பேன்.”

“தண்ணி வருதான்னு பாக்க மாட்டீங்களா?”

“அது அளவுப் பிரிவு சார். நான் திருப்பற பிரிவு.”

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. நேரே கண்காணிப்பாளரிடம் போனேன். அவர் கோப்புக்கட்டை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

“சார், நீங்க என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா? ஒன்பது வருஷத்துல மூவாயிரத்து இருநூத்துச் சொச்சம் தடவை உங்க தெருவைத் திறந்திருக்கோம். அது அத்தனையும் மூடினதுன்னு நீங்க சொல்றீங்க. அந்தப் பதிவேட்டை வச்சு மூணு பேருக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்கோம். அதுல ஒருத்தர் நான். அதுபோக உங்க தெருவுக்குச் சிக்கனத் தெரு விருது வேற கொடுத்திருக்கோம். ஒன்பது வருஷத்துல ஒரு சொட்டு வீணாகல!”

சுவரில் விருது தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவின் பெயர், தங்க எழுத்தில், பிழையில்லாமல்.

“எங்க வீட்டுல பிரசவம் சார். குழந்தை வரப்போகுது,” என்றேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கமில்லை.

அவர் இளகினார். இளகினால் அவர் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். குழு அமைத்தார்.

குழு நான்கு தடவை கூடியது. வாரியத் தலைவரே தலைமை. பளபளவென்று எண்ணெய் தடவிச் சீவிய தலை, மேடை இல்லாத இடத்திலும் மேடையில் நிற்பதுபோன்ற குரல். முதல் கூட்டத்தில் இடது என்பது யாருடைய இடது என்ற கேள்வி எழுந்தது. வால்வுக்காரர் வடக்குப் பார்த்து நின்றால் ஒரு இடது, தெற்குப் பார்த்து நின்றால் இன்னொரு இடது என்றார் ஒருவர். எந்தப் பக்கம் பார்த்து நின்று சாவியைத் திருப்பினாலும் சுற்று ஒன்றுதான் என்று நான் சொன்னேன். அது வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. நான் தோற்றேன்.

நான்காவது கூட்டத்தில் பதினாலைச் சாவியோடு வரவழைத்தார்கள். அறையில் வால்வு இல்லாததால், தலைவரின் கண்ணாடி மேசைமேல் சாவியை நிறுத்தித் திருப்பிக் காட்டச் சொன்னார்கள். அவர் “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ண ஆரம்பித்தார். அப்போது வெளியூரிலிருந்து வந்திருந்த வல்லுநரின் பேனா கீழே விழுந்தது. அவர் அதைத் தேடி மேசைக்கு அடியில் தவழ்ந்து போனார். திடீரென்று அங்கிருந்து ஒரு கூச்சல்.

“ஐயா! எல்லாரும் கீழ வாங்க! கீழ இருந்து பாத்தா இடப்பக்கம் வலப்பக்கமா தெரியுது!”

தலைவர் உட்பட ஏழு பேர் மேசைக்கு அடியில் நுழைந்து அண்ணாந்து பார்த்தார்கள். பதினாலு மூச்சு வாங்கிக்கொண்டு திருப்பினார். உண்மைதான். மேலிருந்து இடப்பக்கம் சுற்றியது, கீழிருந்து பார்த்தால் வலப்பக்கம் சுற்றியது. தலைவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்று பேசினார்.

“நண்பர்களே! நூறு வருஷமா நாம ஜனங்களை மேல இருந்தே பாத்துட்டு இருந்திருக்கோம். இன்னைக்குத்தான் முதல் தடவையா கீழ இறங்கியிருக்கோம். குழாய் எங்க இருக்கு? மண்ணுக்கு அடியில இருக்கு. அப்ப இடது எது, வலது எதுன்னு குழாயோட பக்கத்துல இருந்துதானே பாக்கணும்? இனிமே வால்வுக்காரர் வலப்பக்கம் திருப்பட்டும். குழாய்க்கு அது இடப்பக்கம். பதிவேட்டுல ஒரு எழுத்தைக்கூட மாத்த வேண்டாம்!”

எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்துவிடும். ஆனால் கண்காணிப்பாளர் படித்த ஆணையில், ‘நகரின் எல்லா வால்வுகளும்’ என்று இருந்தது.

“சார், எங்க வால்வு ஒண்ணுதான் தலைகீழ்! மத்ததெல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு?” என்றேன்.

“ஒரு தெருவுக்கு மட்டும் ஆணை போட்டா அது சலுகை சார். ஊருக்கே போட்டா அது கொள்கை,” என்றார் கண்காணிப்பாளர். “நாம கொள்கை உள்ள வாரியம்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதற்குமேல் நான் எழுந்து கத்தவில்லை. ஊர் வறண்டுபோகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மகளுக்கு முந்தின நாள்தான் ஆண் குழந்தை பிறந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

நூற்றாண்டு விழா அன்று காலை ஐந்து மணிக்கு ஆணை அமலுக்கு வந்தது. அன்றைக்கு ஊரில் ஒரு வால்வும் அசையவில்லை. மூடிக் கிடந்ததை மூடும் பக்கமாகவே திருப்பினால் எப்படி அசையும்? எங்கள் தெரு வால்வும் அசையவில்லை. முந்தின நாள் ஏழு மணிக்கே திறந்து விடப்பட்டதுதானே. அசைந்ததா என்று எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லாததால் எல்லா வால்வும் முறைப்படி திறக்கப்பட்டது.

ஐந்து ஒன்பதுக்கு எங்கள் குழாய் இருமியது. வழக்கமான இருமல் இல்லை. செங்காவித் தண்ணீராகத் துப்பியது, ஒரு சிலந்தியைத் தள்ளியது, பிறகு கொட்டியது. மனைவி அண்டா, குண்டான், தம்ளர், மூக்குக் கண்ணாடிப் பெட்டி என்று அகப்பட்டதையெல்லாம் நிரப்பினாள். நிரப்பிக்கொண்டே அழுதாள். நானும்தான்.

ஊரில் வேறெங்கும் ஒரு சொட்டு இல்லை. விழா மேடையில் தலைவர் திறந்துவைத்த அலங்காரக் குழாயிலிருந்து உஸ்ஸென்று காற்று வந்தது. பாண்டு வாத்தியம் முழங்கியது. “காற்றும் இயற்கை நமக்குத் தந்த கொடைதான்,” என்று தலைவர் பேசினார். மறுநாள் காலை ஐந்து மணிக்கெல்லாம் ஊரே குடத்தோடு எங்கள் அறுபத்திரண்டு படியில் நின்றது. கீழ்த்தெருவில் என்னை வரிசையிலிருந்து தள்ளிவிட்டவர்கள்கூட மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். மனைவி ஜன்னல் வழியாக ரப்பர் குழாயை விட்டு எல்லோருக்கும் பிடித்துக் கொடுத்தாள். முகம் மட்டும் கொஞ்சம் உயரத்தில் இருந்தது. ஒன்பது வருடம் பட்டவள், அது நியாயம்தான்.

மூன்றாம் நாள் மோட்டார் அறை வாசலில் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. மோட்டார்க்காரர் உள்ளே போகமுடியாமல் தவித்து, எட்டு மணிக்குத்தான் சுவரேறிக் குதித்து மோட்டாரைப் போட்டார். போட்டதும் ஊர் முழுக்கத் தண்ணீர். காரணம் சாதாரணம். ஏழு மணிக்கு வால்வுகளை மூடுவதாக எழுதிவிட்டு இடப்பக்கம் திருப்பியிருந்தார்கள், அதாவது திறந்திருந்தார்கள்.

தப்பு புரிந்து ஆணையை ரத்து செய்வார்கள் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல! தலைவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டார்.

“வால்வைத் திறந்து வச்சுத் தண்ணி கொடுக்கறது எந்த ஊர்லயும் நடக்கும்,” என்றார். “மூடி வச்சுக் கொடுக்கறது நம்ம ஊர்ல மட்டும்தான். இதுக்கு நூறு வருஷ அனுபவம் வேணும்.”

அன்றிலிருந்து மோட்டார் ஓடும் நேரம் காலை எட்டு மணிமுதல் என்று மாற்றப்பட்டது. ‘மூடிய வால்வுத் திட்டம்’ என்று வரலாற்று நூலில் ஒரு அத்தியாயம் சேர்த்தார்கள். பிழைதிருத்தியவன் நான். கால்புள்ளி, அரைப்புள்ளியைத் தவிர வேறெதையும் தொட எனக்கு அனுமதி இல்லை.

எங்கள் வால்வு மட்டும் ஐந்து மணிக்கு உண்மையாகவே திறந்து, ஏழு மணிக்கு உண்மையாகவே மூடியது. எட்டு மணிக்குத் தண்ணீர் கிளம்பியபோது ஊரெல்லாம் பாய்ந்தது, எங்கள் தெருவைத் தவிர. அன்று மத்தியானம்தான் மகள் குழந்தையோடு வந்து இறங்கினாள். வந்ததும் கை கழுவக் குழாயைத் திறந்தாள். இருமியது.

“அப்பா, தண்ணி வந்துடுச்சுன்னு சொன்னீங்களே?” என்றாள்.

நான் அண்டாவிலிருந்து ஒரு செம்பு மொண்டு அவள் கையில் ஊற்றினேன். மனைவி இரண்டு நாள் அண்டாவில் பிடித்து வைத்திருந்ததை வைத்துச் சமாளித்தாள். மூன்றாம் நாள் காலை ஏழு மணி அடிக்கப்போகும் நேரம், குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று தெருமுனைக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். பதினாலு மூடியைத் திறந்து சாவியை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். மனைவி குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவருக்குச் சாவியை விட்டுவிட்டு வாங்கவேண்டியதாகிவிட்டது.

“அண்ணே, என் வீட்டுக்காரர் மூணு மாசம் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு பாத்துட்டார். நான் ஆபீசுக்கெல்லாம் போகல. இவன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, உனக்குக் குளிக்கத் தண்ணி இல்லடான்னு. சொல்லிட்டுத் தாராளமா மூடுங்க.”

பதினாலு குழந்தையைப் பார்த்தார். அது அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டது.

“பொய் எழுத மாட்டேன்கா,” என்றார் மெதுவாக.

“யாரு எழுதச் சொன்னா? மூடாதீங்க. மூடலன்னு எழுதுங்க.”

அவர் யோசித்தார். ஒன்பது வருடத்தில் அந்தப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தை அவர் தொட்டதே இல்லை. அதில் ‘குறிப்பு’ என்று இருந்தது. குழந்தையின் கையிலிருந்து பேனாவை மெல்ல விடுவித்து, மண்டியிட்டு எழுதினார்: ‘மூடவில்லை. காரணம்: குழந்தை.’ கையெழுத்துப் போட்டார். சாவியைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

எட்டு மணிக்குத் தண்ணீர் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. பதினாலு தினமும் ஏழு மணிக்கு வந்து, குழந்தை இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டு, அதே குறிப்பை எழுதிவிட்டுப் போனார். பொய் எழுதாத மனிதர்.

பன்னிரண்டாம் நாள் வாரியத்திலிருந்து முத்திரையிட்ட கடிதம் வந்தது. சத்தமாகப் படித்தேன்.

‘தங்கள் தெருவின் வால்வு, குழந்தை காரணமாக, பத்து நாட்களாக மூடப்படவில்லை என்பது பதிவேட்டிலிருந்து தெரியவருகிறது. இதனால் தங்கள் தெருவுக்குத் தண்ணீர் வழங்க இயலாமல் போனதற்கு, வாரியம் தனது நூறாண்டு வரலாற்றில் முதன்முறையாக வருத்தம் தெரிவிக்கிறது. தடையாக உள்ள குழந்தை விரைவில் அகற்றப்பட்டு, வால்வு மூடப்பட்டு, தண்ணீர் சீராக வழங்கப்படும் என உறுதியளிக்கிறோம்.’

மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. கண்ணெதிரே பிழை, இருபத்தெட்டு வருடப் பழக்கம். ஒரு தாளை எடுத்து, ‘ஐயா, எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருகிறது’ என்று ஆரம்பித்தேன்.

மனைவி குழாயடியில் காலை நீட்டி உட்கார்ந்து, பேரனைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கையிலிருந்து நீர் சொட்ட நிமிர்ந்து பார்த்தாள்.

“விரைவில்னா போட்டிருக்காங்க?”

“ஆமா.”

“அப்ப இவன் மீசை வச்சு வேலைக்குப் போறவரைக்கும் பயமில்ல. அந்தப் பேனாவை மூடி வைங்க. தண்ணி வருதுன்னு மட்டும் அவங்களுக்குத் தெரிஞ்சா, நாளைக்கே ஆள் அனுப்பிச் சரிபண்ணிடுவாங்க.”